கண் பழகும்வரை

“யோவ், வெளிச்சத்தைக் கூட்டுய்யா! ஒண்ணுமே தெரியல!”

புதுக்கோட்டைத் தியேட்டரின் பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தியதுதான் அந்தப் படத்தை நினைத்ததும் எனக்கு முதலில் கேட்கும். தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. திரையில் கறுப்பின்மேல் கறுப்பாக ஏதோ அசைந்தது. பக்கத்து இருக்கையில் என் நாத்தனார் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

நான் கல்யாணமாகி வந்த எட்டு மாதத்தில் அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. நான் திருக்கோகர்ணத்து வீட்டுக்கு வந்தபோது, மாடியில் அவள் பள்ளி நாளிலிருந்து புழங்கிய அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. விடுப்பு முடிந்து என் கணவர் துபாய்க்குப் போய்விட்டார். அந்த அறையில் நான் மட்டும் இருந்தேன். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்த அவள், கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாள். “கேஸ் சிலிண்டர் வந்துருச்சு” என்றால்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொல்வாள். பொறுக்கமாட்டாமல் ஒரு ஞாயிறு மதியம் மாமியார், “ரெண்டு பேரும் எங்கிட்டாவது போயிட்டு வாங்க” என்று விரட்டிவிட்டார். சிரிப்புப் படத்துக்கு டிக்கெட் தீர்ந்துவிட்டது. கிடைத்தது இதுதான்.

ஒரு பெண் வற்றிய கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு படிக்கும் கீழே ஒரு காடு. அங்கே குதிரைகள் தண்ணீருக்குள் தூங்கின. மரங்கள் மெல்ல மூச்சுவிட்டன. முதலில் எதுவும் பிடிபடவில்லை. கண் பழகப் பழக, இருட்டுக்குள்ளேயே கருநீலம், ஈரமண் நிறம், காக்கைச் சிறகின் மினுக்கம் என்று பிரிந்து தெரிந்தன. வெளிச்சமான படம் எல்லாவற்றையும் நம் கையில் கொடுத்துவிடும். இது நம்மைத் தேடவைத்தது. தேடிய இடத்தில் நம்முடையதும் கொஞ்சம் கிடந்தது.

இடைவேளையில் ஏழு பேர்தான் மிஞ்சினோம். தியேட்டர்காரர் வந்து, “அங்கிட்டு இன்னொரு படம் ஓடுது, அதுல ஒக்கார வைக்கிறேன், வாரீங்களா?” என்றார். நான் எழப்போனேன். நாத்தனார் எழுந்து நின்றாள்.

“நாங்க வரலைங்க. மிச்சத்தைப் போடுங்க.”

அவள் குரலை அவ்வளவு உரக்க நான் அன்றுதான் கேட்டேன்.

கடைசியில் அந்தப் பெண் கிணற்றின் அடியில் தன் வீட்டையே கண்டாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆள் யாரும் இல்லை. எனக்குப் பிறந்த வீடு நினைவுக்கு வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இருட்டில் ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

“அண்ணி, அழுவுறீங்களா?”

“இல்லையே.”

“நான் அழுவுறேன்.”

இருவரும் அழுகையோடு சிரித்துவிட்டோம். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார்.

டவுன் பஸ்ஸில் வீடுவரை சண்டை. படத்தில் மூச்சுவிட்ட மரம் ஒன்றுக்குள் கதவு இருந்தது என்றாள் அவள், ஒரு கிழவியின் முகம் என்றேன் நான். இறங்கும்போது, “இன்னைக்கு மாடிக்கே வந்து படு. அது ஒன் ரூம்தானே” என்றேன். சாப்பிட்டு முடித்ததும் அவள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் படியேறினாள்.

இப்போது அவள் அன்னவாசலில் வாழ்க்கைப்பட்டு, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். போன வெள்ளிக்கிழமை மூச்சுவாங்கப் போன் செய்தாள்.

“அண்ணி, புதுசா ஒரு படம் வந்திருக்கு. பாத்தவுக எல்லாம் ஒரே இருட்டு, ஒண்ணும் வெளங்கலன்னு திட்டுறாக. கெளம்புங்க, நானும் பஸ் ஏறிட்டேன்.”