டார்ட்ஸ் எறிந்த எங்கள் அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம். திவசத்துக்கு ஒரு நினைவு மலர் வெளியிட வேண்டும், நீதான் எழுத வேண்டும் என்று உறவினர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு எழுதக் களைப்பாக இருந்தது. மூன்று வருடம் நோயாளியைப் பார்த்த களைப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. அதைவிட, அண்ணன் என்ன தொழில் செய்தார் என்று எழுத வேண்டிய இடம் வந்ததும் கை நின்றுவிடும். இருபது வருடத்துக்கு மேலாக அதை நான் மாற்றித்தான் சொல்லி வந்தேன். இந்த முறை உள்ளதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பெரியகல்லாற்றில். அப்பா வாவியில் வலை வீசியவர். எங்கள் சிறு வயதிலேயே காலமாகிவிட்டார். அண்ணனின் குறி தப்பாத கை அப்பாவின் வீச்சுவலையிலிருந்து வந்தது என்று மரணவீட்டில் ஒருவர் பேசினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா தோணியில் போகிற நேரம் அண்ணன் பள்ளிக்கூடத்தில் இருப்பார். அவருக்கு நீந்தவும் தெரியாது.

பிறகு இராணுவத்தின் சுற்றிவளைப்புக் காலம் வந்தது. அண்ணனை இரண்டு தடவை பிடித்துக்கொண்டு போய் விடுவித்தார்கள். மூன்றாம் தடவைக்கு அம்மா காத்திருக்கவில்லை. இருந்த நகையை விற்று அவரை லண்டனுக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே ஒரு மதுக்கடையின் குசினியில் கோப்பை கழுவினார். பின்னேரம் ஆட்கள் இல்லாத நேரத்தில், சுவரில் தொங்கிய வட்டப் பலகைக்கு டார்ட்ஸ் எறியப் பழகினார். பாஷை தெரியாதவன் ஒருவரோடும் பேசாமல் விளையாடக்கூடியது அது ஒன்றுதான் என்று பின்னாளில் சொல்லுவார். ஐந்நூற்றொன்றிலிருந்து கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூச்சியத்தில் முடிக்க வேண்டும். ஒன்று கூடினாலும் அந்த முறை வீண். அந்தப் பொறுமை அண்ணனிடம் இருந்தது. முதலில் அந்தக் கடையின் அணி, பிறகு அந்த மாகாணத்தின் அணி, பிறகு அதையே தொழிலாக எடுத்தவர்களின் வரிசையில் அவருக்கும் ஓர் இடம் கிடைத்தது.

அன்று தொலைபேசியில் அவர் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு நினைவிருக்கிறது. அதை எங்கே வைத்து விளையாடுவது என்று மட்டும் அம்மா கேட்டார். அண்ணன் மறைக்கவில்லை.

"தவறணையிலயா மனே?" என்றார் அம்மா. எங்கள் ஊரில் தவறணை என்றால் குடிகாரர் கூடுகிற கள்ளுக்கடை.

அதோடு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு நின்றது. யாராவது கேட்டால், மகன் லண்டனில் கம்பனி முகாமையாளர் என்று அம்மா சொல்லுவார். நானும் சொன்னேன். அம்மாவை விட நன்றாகச் சொன்னேன். எந்தக் கம்பனி என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தேன்.

போர்நிறுத்தக் காலத்தில் எனக்குக் களுவாஞ்சிக்குடியில் சம்பந்தம் சரிவந்தது. அழைப்பிதழில் அண்ணனின் பெயருக்குக் கீழே 'முகாமையாளர், லண்டன்' என்று எழுதிக் கொடுத்தவள் நான்தான். அம்மா சொல்லி எழுதவில்லை. கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அண்ணன் வந்து சேர்ந்தார். அழைப்பிதழைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"இத ஆர் எழுதின?"

"நான்தான்."

"எழுத்து வடிவா விழுந்திருக்குகா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

எங்கள் வழக்கப்படி பெண்ணின் சகோதரன் தோழனாக நிற்க வேண்டும். வாசலுக்கு வரும் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, மோதிரம் வாங்கி, கைபிடித்து உள்ளே கூட்டிவர வேண்டும். அண்ணன் குனிந்து அவசரமில்லாமல் கழுவினார். இவ்வளவு நேரமா என்று எங்கள் பெரியம்மா கூடக் கேலி செய்தார்.

அதே கிழமையில்தான் அங்கே அவருக்குத் தகுதிப் போட்டி இருந்திருக்கிறது. அதில் எறியாதவருக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. எங்களிடம் ஒரு சொல் சொல்லாமல் அதை விட்டுவிட்டு வந்திருக்கிறார். திரும்பிப் போனபோது பழையபடி சின்ன மண்டபங்கள்தான். மறுபடி ஏறிவர இரண்டு வருடம் முயன்றார். அப்போதுதான் கை அடைத்தது. குறி பார்ப்பார், கை உயரும், விரல்கள் விடமாட்டா. டார்ட்ஸ் ஆட்டக்காரர் பலருக்கும் வருகிற கோளாறாம். பிறகு புதியவர்களுக்குப் பழக்கியும், கை இடம் கொடுத்த நாட்களில் கேட்ட இடத்தில் எறிந்து காட்டியும் காலத்தைக் கழித்தார். கலியாணம் கட்டவில்லை.

நோயோடு ஊருக்கு வந்த அண்ணனை நான்தான் பார்த்தேன். கிளினிக்குக்கு பஸ்ஸில் கூட்டிப் போய் வருவது, கஞ்சி, துணி, மருந்து. சில நாள் எரிந்து விழுந்தும் இருக்கிறேன். அவரோடு விளையாடிய நண்பர் ஒருவர் லண்டனிலிருந்து பார்க்க வந்தபோதுதான் அந்தத் தகுதிப் போட்டிக் கதை எனக்குத் தெரியவந்தது. அவர் போனதும் ஏன் சொல்லவில்லை என்று அண்ணனைக் கேட்டேன்.

"தோழனா வேற ஆர் நிக்கிற? உனக்கு நான் ஒருத்தன்தானேகா."

"கவலை இல்லையா அண்ணா?"

"இருந்த. இப்பயும் கிடக்கு. அதையே நினைச்சு நினைச்சுக் களைச்சிப் போயிட்டன் புள்ள" என்றார். பிறகு தண்ணீர் கேட்டார்.

இந்த மலருக்கு உண்மையை எழுதுவதென்றால் முதலில் என் கணவரிடம் சொல்ல வேண்டும். அவர் வீட்டார் எல்லோர் கையிலும் அந்த அழைப்பிதழ் போயிருந்தது. போன கிழமை மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும். கால் கழுவக்குள்ள மச்சான் சொன்னவர். 'கார்டில கிடக்கிறது பொய், நான் டார்ட்ஸ் எறியிறவன், அதுக்காக என்ட தங்கச்சியக் குறையா நினைக்கப்படா' எண்டார். நீயாச் சொல்லுவாய் எண்டு இருந்தன்."

எழுந்து குசினிக்குள் போய் இருந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. என் கணவரிடம் சொன்னவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அண்ணன் மேல் கோபமும் வந்தது. அண்ணன் தன் தொழிலை மறைத்தவர் இல்லை. மறைத்தது நான்தான், அதுவும் ஏற்கெனவே தெரிந்த ஒருவரிடம்.

அண்ணனின் கடைசி மாதங்களில் முறை வைத்துத் துணைக்கு வந்திருந்த அயல் வீட்டுப் பெண்களுக்கும், மனம் கோணாமல் பார்த்த தாதிமாருக்கும், மரணவீட்டைத் தங்கள் வீட்டுக் காரியம்போலச் செய்த ஊரவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனின் மரணச் செய்தி போய்ச் சேர்ந்த அன்று தங்கள் ஆட்டத்தை நிறுத்தி எழுந்து நின்ற லண்டன் நண்பர்களுக்கும் நன்றி. அவர்கள்தான் அண்ணனை அவருடைய தொழிலோடு சேர்த்து மதித்தவர்கள்.

எங்கள் அண்ணன் டார்ட்ஸ் விளையாட்டு வீரர். உங்களில் பலரிடம் இதை மாற்றிச் சொன்னவள் நான். பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணனிடம் இந்த மன்னிப்பைக் கேட்க எனக்கு மூன்று வருடம் இருந்தது. கேட்கவில்லை.