சைலன்சர் மேஸ்திரியின் மூக்கு

உறுமிக்கொண்டிருக்கும் லாரியின் பின்னால் குந்தி, புகை கக்கும் குழாய் வாயை உள்ளங்கையால் ஒரு நொடி அடைத்துப் பார்ப்பார் தேசப்பன். கையைத் திமிறித் தள்ளினால் குழாய் சரி. தள்ளாவிட்டால் வழியில் எங்கோ ஓட்டை. "நடுவுல வுட்டுக்கினு கீது, எறங்கு" என்பார் டிரைவரிடம். பிறகு வண்டிக்கு அடியில் நுழைந்து ஒவ்வொரு மூட்டுக்கும் அருகே கையைக் கொண்டுபோவார். சூடான காற்று எங்கே குத்துகிறதோ, அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம்.

மற்ற மெக்கானிக்குகள் மோந்து பார்ப்பதை இவர் கையால் பார்க்கிறாரே என்று, எளாவூர்ச் சோதனைச் சாவடியில் நிற்கும் லாரிக்காரர்களுக்கு ஆச்சரியம். உண்மை வேறு. அறுபத்தேழில் வந்த விஷக்காய்ச்சல் அவர் மனைவி குணசுந்தரியைக் கொண்டுபோயிற்று. பத்து நாள் கழித்து இவர் பிழைத்து எழுந்தபோது மூக்கில் வாசனை என்பதே இல்லை. தொழில் போய்விடும் என்று வெளியில் சொல்லவில்லை. வீட்டில் சொல்ல ஆளும் இல்லை.

ஒருமுறை ஊசிப்போன குழம்பைத் தெரியாமல் தின்று மூன்று நாள் படுத்துவிட்டார். அதிலிருந்து பட்டறைக்குப் பின்னாலிருந்த அவர் அறையில் அடுப்பு எரிவதில்லை. வேளாவேளைக்கு எதிர்ப்பக்கம் அஞ்சம்மாள் கடை நாஷ்டாதான். பெஞ்சில் கூட்டத்தோடு உட்கார்ந்தால் பேச்சுக் கொடுக்க வேண்டுமே. தட்டை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்.

"போதுமா மேஸ்திரி?" என்பாள் அஞ்சம்மாள்.

"போதும்."

வேலைப் பேச்சை விட்டால் ஒரு நாளில் அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல்தான்.

எழுபதாம் வருஷம் ஆடி மாதம். கும்மிடிப்பூண்டி சாலமோன் ஒரு பழைய அம்பாசடர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்பாதியை வெட்டி நீட்டி, அடித்தட்டை அரையடி இறக்கி, ஆள் படுக்கக் கட்டில் வைத்திருந்தார்.

"புள்ளத்தாச்சிங்க, அடிபட்டவங்க, யாரா இருந்தாலும் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவலாம் மேஸ்திரி. தட்டு எறங்கிட்டதால பைப்புக்கு எடமே இல்ல. அதான் பேஜாரு."

தேசப்பன் ஒரு கம்பியை வண்டிக்கு அடியில் வளைத்து வளைத்துப் புது வழி கண்டுபிடித்தார். குழாயில் மணலைத் திணித்தார். மணல் இருந்தால்தான் வளைக்கும்போது நசுங்காது. இரு முனையிலும் கட்டை அடித்து, நெருப்பில் பழுக்கவைத்து, கம்பி காட்டியபடியே வளைத்தார். பக்கவாட்டிலேயே வெளியே விட்டால் பாதி வேலை மிச்சம் என்றார் சாலமோன்.

"ஜன்னலாண்ட பொகை ஏறும்ப்பா. உள்ள படுத்துக்கினு கீறவன் எய்ந்து ஓடுவானா?" என்று சொல்லி, அச்சுக்கு மேலாக ஏற்றி, வண்டியின் கடைசிவரை இழுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் மதியம் வேலை முடிந்தது. தேசப்பனே கட்டிலில் படுத்துக் கதவுகளை மூடச் சொன்னார். இன்ஜின் ஓடியது. மூச்சை இழுத்தார். ஒன்றும் இல்லை. அவருக்கு எப்போதும்தான் ஒன்றும் இல்லை. மூட்டுகளில் கையை வைத்துப் பார்த்தாயிற்று. ஆனால் தட்டின் சந்தில் மெல்லக் கசிகிற புகையைக் கை சொல்லாதே.

"இன்னா மேஸ்திரி, பொகை கீதா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வண்டி போய்விடும். தேசப்பன் எழுந்து உட்கார்ந்தார்.

"எனுக்கு மோப்பம் கெடையாது சாலமோன். மூணு வருசமாச்சு. வேற ஆளுதான் படுத்துப் பாக்கணும்."

சாலமோன் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "பொடி போட்டுப் போட்டு என் மூக்கும் செத்த மூக்குதான்" என்று சொல்லிவிட்டு, சாலையைப் பார்த்துக் கையைத் தட்டினார். "அஞ்சம்மா! கொஞ்சம் வந்துட்டுப் போ!"

அஞ்சம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தேசப்பனை ஒருமுறை பார்த்தாள். ஏறிப் படுத்தாள். படுத்த வேகத்தில் எழுந்தாள்.

"கால்மாட்டுல அடிக்குதுய்யா."

தட்டும் பக்கத்துத் தகரமும் சேரும் மூலையில், நகம்கூட நுழையாத சந்து. தேசப்பன் பட்டை வைத்து வெல்டு அடித்து மூடினார். மறுபடி படுத்தவள் கால்மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

"இப்ப இல்ல" என்றாள். கதவைத் திறந்துவிட்ட தேசப்பன் பக்கம் குனிந்து, சாலமோனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொன்னா கோச்சிக்காத மேஸ்திரி. ஒன் சொக்கா நாறுது."

"இன்னிக்கா?"

"ரொம்ப நாளா. நீயே தெரிஞ்சிக்கினுதான் தள்ளிப்போய் குந்துறன்னு நெனச்சேன்."

வண்டி போனபிறகு தேசப்பன் காலரை இழுத்து மூக்கில் வைத்து மோந்தார். இன்னொரு முறை மோந்தார். மூன்று வருஷமாக ஊரே அறிந்தது, அவருக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. அன்று ராத்திரி அவர் சாப்பிடப் போகவில்லை.

மறுநாள் காலை, சோப்புப் போட்டு அடித்துத் துவைத்த சட்டையை ஈரம் காயாமலே மாட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். பெஞ்சில் லாரிக்காரர்கள் நாலு பேர் தின்றுகொண்டிருந்தார்கள். தேசப்பன் தட்டுக்குக் கை நீட்டவில்லை. இட்லிப் பானையின் ஆவிக்கு மேலே குனிந்து, தோளை அஞ்சம்மாளின் முகத்தருகே கொண்டுபோய், அவள் மூச்சை இழுக்கும்வரை அசையாமல் நின்றார்.