கம்பெனி வாங்கிப் போட்ட நலவாழ்வு நாற்காலி

திருவாண்டார்கோயில் பக்கத்தில் நான் வேலை செய்யும் கம்பெனியில் பாட்டில் மூடி செய்கிறார்கள். பெல்ட்டில் ஓடி வரும் மூடிகளில் விளிம்பு நசுங்கியதையும் நிறம் மங்கியதையும் பொறுக்கி எடுப்பது என் வேலை. ஐந்தாம் வகுப்புப் படிப்பு இதற்குத் தாராளம். அதற்கு முன்பு திருக்கனூர் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். கரும்புக் கொல்லைகள் மனைகளாயின, நான் கம்பெனிக்காரனானேன். இங்கே வெயில் இல்லை, சேறு இல்லை, உடம்பை அறுக்கும் கரும்புச் சோகை இல்லை. தலைக்கு மேல் ஃபேன் வேறு ஓடுகிறது. குறை சொன்னால் வாய் அழுகிவிடும்.

ஆரம்பத்தில் பெல்ட் ஓரமாக ஸ்டூல்கள் கிடந்தன. ஒருநாள் வந்து பார்த்தால் இல்லை. உட்கார்ந்தால் தூக்கம் வரும், தூங்கினால் கெட்ட மூடி தப்பிப் போகும் என்று படித்தவர் யாரோ கண்டுபிடித்திருந்தார். அன்று முதல் நின்றோம். கரும்பு வெட்டும்போதாவது நடப்போம், குனிவோம், அலுத்தால் வரப்பில் உட்காருவோம். இங்கே நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். கொஞ்ச காலத்தில் என் கெண்டைக்காலில் நரம்பு புடைத்து மண்புழு போலச் சுருண்டது. சாயங்காலமானால் செருப்புக்குள் பாதம் நுழையாது. பெரியாஸ்பத்திரி டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, நிற்கிற வேலையை விடு, இல்லாவிட்டால் புண்ணாகும் என்றார். வேலையை விட்டால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்பதற்கு அவர் மாத்திரை எழுதித் தரவில்லை.

எனக்கு வேண்டியது ஒரு ஸ்டூல். அதைக் கேட்க வாய் வேண்டும். நான் மதியச் சாப்பாட்டையே சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு எங்கள் மேல் அன்பு பொங்கியது. சென்னையிலிருந்து ஒரு மேடத்தை அழைத்து வந்தார்கள். கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டு, ஒரு கடற்கரையை நினைத்துக்கொள்ளச் சொன்னார் மேடம். நின்றபடியே நினைத்தோம். உங்கள் மனதை எது அழுத்துகிறது, தயங்காமல் சொல்லுங்கள் என்றும் கேட்டார். பின்னால் சூப்பர்வைசரும், எங்களை வேலைக்குச் சேர்த்துவிட்ட கான்ட்ராக்டரும் கைகட்டி நின்றிருந்ததால், எங்கள் மனதை எதுவுமே அழுத்தவில்லை.

மேடம் போனதும் ஸ்டோர் ரூமைக் காலி செய்து நலவாழ்வு அறை ஆக்கினார்கள். நீல விளக்கு, தரை விரிப்பு, சுவரில் அருவிப் படம். நடுவில் கறுப்புத் தோல் போர்த்திய மசாஜ் நாற்காலி. சுவிட்சைப் போட்டால் முதுகைப் பிசையும், காலைக் கவ்வி அமுக்கும். டீ நேரத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்றார்கள். எங்கள் டீ நேரம் டீ குடித்து ஒன்றுக்குப் போய்வரவே பத்தாது. அதோடு, முதலில் உட்காரப்போவது யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே நாட்கள் போயின. அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற பொறுப்பு, பெல்ட்டில் எனக்கு எதிரே நிற்கும் கரையாம்புத்தூர்க்காரம்மாவுடையது. மூடி அடிக்கும் மெஷின், எடை மெஷின், தண்ணீர் மோட்டார் என்று ஒன்றையும் விடாமல் வைத்துக்கொண்டே வந்தவர், நலவாழ்வு அறைக்குள்ளும் நுழைந்தார். நான் சாம்பிராணியோடு பின்னால் போனேன்.

“இது நாற்காலியாச்சேம்மா” என்றேன்.

“கரண்ட்ல ஓடுதுல்லண்ணா? அப்ப மெஷினுதான். இத்த மட்டும் வுட்டா கோச்சுக்காதா?”

தலை சாய்க்கும் இடத்தில் விபூதிப் பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, இருக்கையில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார். நீல வெளிச்சத்தில் அதைப் பார்த்து எனக்கே உடம்பு சிலிர்த்தது.

மெஷின்களில் வைத்த குங்குமம் மறுநாளே எண்ணெயில் கரைந்துவிட்டது. நாற்காலியில் வைத்தது போகவில்லை. அதற்குப் பிறகு அதில் யார் உட்காருவார்கள்? சிலர் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தார்கள். மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று ஒருவர் வேண்டிக்கொண்டதாகவும் கேள்வி.

இவ்வளவு செலவு செய்தும் ஒருவரும் உட்காரவில்லையே என்று எச்.ஆர். சார் எங்களை வரிசையில் நிறுத்திக் காரணம் கேட்டார். நிறுத்துவதில் மட்டும் எங்கள் கம்பெனி குறை வைக்காது. எனக்குக் கால் விண்விண்ணென்று தெறித்ததால் சுவரில் சாய்ந்திருந்தேன். அது அவர் கண்ணில் பட்டது.

“நீங்க சொல்லுங்க. ஏன் உட்கார மாட்டேங்கிறீங்க?”

“சாமி மேல எப்படி சார் குந்தறது? எனக்கு ஒரு ஸ்டூலு இருந்தாப் போதும்.”

எப்படிச் சொன்னேனோ, இன்றைக்கும் தெரியவில்லை. கான்ட்ராக்டர் முகம் கறுத்ததைப் பார்த்து, நாளை முதல் வேலை இல்லை என்றே முடிவு செய்துகொண்டேன். ஆனால் சாருடைய படிப்பு வேறு மாதிரி வேலை செய்தது. உங்களுக்கெல்லாம் விழிப்புணர்வு இல்லை என்றார். வருகிறவர்களுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லி உட்காரவைக்க அறையில் ஓர் ஆள் வேண்டும், சத்தம் போடாத ஆளாக இருக்க வேண்டும் என்று சொல்லி என்னையே போட்டார். பொறுப்பாளர் உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் தந்தார்கள். கேட்டது கிடைத்துவிட்டது, செய்து வந்த வேலைதான் போய்விட்டது. மூடி பொறுக்கியவன், யாரும் உட்காராத நாற்காலிக்குத் துணையாக உட்கார்ந்தேன். அதே கூலி.

முதல் நாள் டீ நேரத்தில் கரையாம்புத்தூர்க்காரம்மா எட்டிப் பார்த்தார்.

“இன்னாண்ணா, உன்ன மட்டும் குந்த வெச்சிட்டாங்க. எங்க காலெல்லாம் இரும்புலயா செஞ்சிருக்கு?”

எழுந்து ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினேன். உட்கார்ந்து காலை நீட்டிக் கண்ணை மூடினார். கடற்கரை எதையும் நினைத்ததாகத் தெரியவில்லை. மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். பிறகு ஸ்டூலுக்கு வரிசையே நின்றது. டீ நேரம் முழுக்க நான் நின்றேன். கூட்டத்தைப் பார்த்த எச்.ஆர். சாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. போட்டோ எடுத்து, என் தோளைத் தட்டி, இன்னொரு மசாஜ் நாற்காலிக்கு மேலிடத்தில் சொல்லியிருப்பதாகச் சொன்னார். ஒருமுறை திறந்த வாய்தானே என்று, அதற்குப் பதில் நாலு ஸ்டூல் வாங்கிப் பெல்ட் ஓரம் போடக் கூடாதா என்று கேட்டேன்.

“ஸ்டூலெல்லாம் வெல்னஸ்ல வராதுங்க” என்றார்.

டீ நேரம் முடிந்து எல்லோரும் பெல்ட்டுக்குப் போனதும் நான் உட்காருகிறேன். கால் வீக்கம் நன்றாக வற்றியிருக்கிறது. போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் பார்த்துவிட்டு, வேலையை மாற்றிவிட்டாயா என்று கேட்டார். நலவாழ்வுப் பிரிவில் இருக்கிறேன் என்றேன். வெளியே வந்தால், கரையாம்புத்தூர்க்காரம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, அதே டாக்டரைப் பார்க்க வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.