மூன்று ரவுண்டு நின்ற கதை

எனக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்ததே ஒரு குழப்பத்தில்தான். வண்டிகளுக்கு ஹெட்லைட் செய்கிற கம்பெனி. விண்ணப்பத்தில் 'அனுபவம்' என்ற இடத்தைக் காலியாக விட மனசில்லாமல் 'பாக்ஸிங், ஆறு மாதம்' என்று எழுதி வைத்தேன். தண்டலத்தில் ஒரு தகரக் கொட்டகையில் மணல் மூட்டையைக் குத்திக்கொண்டிருந்த ஆறு மாதம் அது. படித்த அதிகாரி, அட்டைப்பெட்டியில் சாமான் அடுக்குகிற அனுபவம் என்று எடுத்துக்கொண்டார். "வெரி குட், பேக்கிங் செக்‌ஷனுக்குப் போங்க" என்றார். வேலை கொடுக்கிற மனுஷனை எதற்குத் திருத்த வேண்டும்? போனேன். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன்.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். "ஏல, பாக்ஸிங் தெரியும்னு எழுதிக் குடுத்துட்டு ஒரு பெட்டிய மடிக்கத் தெரியலியே?" என்றார். "அது இந்த பாக்ஸிங் இல்ல சார்" என்று முஷ்டியை மடக்கிக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, யாருடன் சண்டை போட்டிருக்கிறாய் என்று கேட்டார். சாம்பியன் பெயரைச் சொன்னேன். அதில் பொய் இல்லை. "எத்தன ரவுண்டு நின்ன?" என்று அவர் கேட்டாரே, அங்கேதான் வாய் சறுக்கியது.

"மூணு சார்."

சாம்பியனைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கம் கிடையாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகன். பதினைந்து வயதில் அவரும் மூட்டை தூக்கினார். அப்புறம் கையுறை மாட்டினார். எதிராளி முதல் மணி அடித்ததும் வருவான், இரண்டாவது மணி அடிக்கும்போது பெரும்பாலும் படுத்திருப்பான். அவர் தரையில் விழுந்து பார்த்ததாக ஒருத்தரும் சொன்னதில்லை. குன்றத்தூரில் இரண்டு சலூன்களில் நடிகர்கள் படத்துக்கு நடுவே அவர் படம் இன்னும் தொங்குகிறது. அவரிடம் அடி வாங்கினேன் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் ஒரு சங்கம் வைத்து ஊர்வலம் போனால் படப்பையில் ஷேர் ஆட்டோ ஓடாது. அதில் பாதிப் பேர் அவரை நேரில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் பார்த்தேன், மிகக் கிட்டத்தில். குன்றத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவருக்குக் காட்சிப் போட்டி. எதிரே நிற்க வேண்டியவனுக்குக் காய்ச்சல். கொட்டகையில் கையில் கிடைத்தவன் நான், ஏற்றிவிட்டார்கள். மணி அடித்தது ஞாபகம் இருக்கிறது. அவர் இடது தோளை லேசாக அசைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கடுத்த ஞாபகம், யாரோ என் முகத்தில் சோடா தெளித்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையாம்.

இதைப் பார்த்தவர்கள் யாரும் என் கம்பெனியில் இல்லை. அதனால் கதை வளர்ந்தது. ஷிஃப்ட் தொடங்கும்முன் எல்லாரையும் நிற்க வைத்துப் பாதுகாப்புப் பாடம் எடுப்பார்களே, டூல்பாக்ஸ் மீட்டிங், அதில் தூங்கி வழிகிறவர்களை எழுப்ப சூப்பர்வைசர் என்னைத்தான் முன்னால் இழுப்பார். மூன்றாவது ரவுண்டில் சாம்பியனுக்கே மூச்சு வாங்கியது என்பதுவரை போய்விட்டேன். லைனில் என் பெயரே 'மூணு ரவுண்டு' ஆனது. நேற்று சேர்ந்த பயிற்சிப் பையன்கள்கூட 'மூணு ரவுண்டு அண்ணே' என்று எழுந்து இடம் விடுவார்கள். பொய் சொல்லக் கூடாது, எனக்கு அது பிடித்திருந்தது.

என் மனைவி மட்டும் வீட்டில் வாரிவிடுவாள். "கரப்பான்பூச்சி வந்தா கட்டில் மேல ஏறிக்கினு கத்துறவரு, சாம்பியன்கூட மூணு ரவுண்டு நின்னாராம். இன்னா உதாருடா சாமி!" அதே மகராசி தெருக்குழாயில் என்ன சொல்வாள் தெரியுமா? "எங்க வூட்டுக்காரு பாக்ஸரு. வாய வுடாதீங்க." அதைக் கேட்டதிலிருந்து நான் நெஞ்சை நிமிர்த்தியே நடக்கப் பழகிவிட்டேன்.

இந்த வருஷம் பாதுகாப்பு வார விழா வந்தது. 'விபத்துக்கு விடுவோம் நாக் அவுட்' என்று ஆபீஸில் யாருக்கோ ஒரு யோசனை உதித்திருக்கிறது. அவ்வளவுதான், சிறப்பு விருந்தினர் சாம்பியன். குடும்பத்தையும் கூட்டி வரலாம் என்று வேறு நோட்டீஸ் ஒட்டினார்கள். காய்ச்சல் என்று லீவு கேட்டேன். "காய்ச்சலாவது ஒண்ணாவது! நீதாம்ல அவருக்குப் பொன்னாடை போத்தணும். அப்பிடியே அந்த மூணு ரவுண்டையும் மைக்குல சொல்லணும்" என்றார் சூப்பர்வைசர். என் மனைவி பட்டுப்புடவையை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்தாள்.

விழாவன்று அரை மணி முன்னதாகவே விருந்தினர் அறைக்குப் போனேன். தனியாகக் காலில் விழுந்தாவது, காட்டிக் கொடுக்காதீங்கண்ணே என்று கேட்டுவிடுவதாகத் திட்டம். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அந்தத் தோள்கள் சட்டைக்குள் வற்றிப்போயிருந்தன. கூட வந்திருந்த மகள் என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"அப்பாவுக்கு இப்பல்லாம் ஒண்ணும் ஞாபகத்துல நிக்கிறதில்லண்ணே. தான் சாம்பியனா இருந்ததே தெரியல. மெடலக் காட்டுனா யாருதுன்னு கேக்குறாரு. நாங்க சொன்னா, என்னைக் குஷிப்படுத்தறதுக்கோசரம் பொய் சொல்றீங்கன்னு அழுவுறாரு."

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. பிழைத்தோமடா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மேடையில் பொன்னாடை போர்த்தினேன். அதன் ஜரிகையைத் தடவிப் பார்த்துவிட்டு, யாருக்கு என்று மகளிடம் கேட்டார். சூப்பர்வைசர் மைக்கைப் பிடித்து, "நம்ம மூணு ரவுண்டு இப்போ பேசுவாரு" என்றார். விசில் பறந்தது. முன்வரிசையில் என் மனைவி பக்கத்திலிருந்த பெண்ணின் தோளைத் தட்டி என்னைக் காட்டினாள். மைக் என் கைக்கு வந்தது. சாம்பியன் என்னையே பார்த்தார்.

"நீ யாரு தம்பி?"

"உங்ககூட சண்ட போட்டவண்ணே. குன்றத்தூர்ல."

"என்கூடவா?" அவர் முகத்தில் ஒரு பயம் வந்தது. மைக் பக்கத்திலேயே இருந்ததால் ஹாலுக்கே கேட்டது. "யாரு கெலிச்சது?"

விசில் நின்றுவிட்டது. மூன்றாவது ரவுண்டும் மூச்சு வாங்கியதும் எனக்குத் தலைகீழ் மனப்பாடம். மறுத்துச் சொல்ல அந்த ஹாலில் ஒரு ஆள் இல்லை. ஆனால் அவர் கை என் சட்டைக் கையைப் பிடித்திருந்தது. பெற்ற மகள் சொல்லி நம்பாத மனுஷன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதாண்ணே."

"சும்மா சொல்லாத."

"அடி வாங்குனவன் நான்தாண்ணே. எனக்குத் தெரியாதா? முதல் ரவுண்டுலயே படுத்துட்டேன். ஒரு நிமிஷம்கூட நிக்கல."

ஹாலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். என் மனைவியின் பக்கம் நான் பார்க்கவே இல்லை.

சாம்பியன் மெதுவாக எழுந்து நின்றார். "ஒரு நிமிஷத்துலயா? மெய்யாலுமா?" என்றார்.

"மெய்யாலுமேண்ணே."

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். திரும்பவும் கேட்டார். அன்றைக்கு ஐந்து தடவை கேட்டார். ஐந்து தடவையும் மைக்கிலேயே சொன்னேன்.