நான் கதைத்த முதல் அறபு

ஒன்பது வயதில், ஒரு திங்கட்கிழமை பின்னேரம், ஜித்தாவில் இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் தொலைபேசியில் இரண்டு சொல் அறபு கதைத்தேன். குர்ஆன் மதரசாவில் அதற்கு முன்னரே நான்கு வருடம் அறபு ஓதியிருந்தேன். ஆனால் அது ஓதல், கதைத்தல் அல்ல. இன்னொருத்தியின் காதில் விழுந்து, அவளுக்கு விளங்கி, அவளை ஏதாவது செய்துவிடும்படி நான் சொன்ன முதல் அறபு அந்த இரண்டு சொற்கள்தான். இரண்டும் பொய்.

உம்மா ஜித்தாவுக்குப் போகும்போது எனக்கு ஒன்றரை வயது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்த அன்றே பெற்றவர்களுக்கு வீட்டுக் கவலை தொடங்கிவிடும். வீடு இல்லாத பெண்ணுக்குக் கலியாணம் பேச யாரும் வரமாட்டார்கள். வாப்பா சாய்ந்தமருதுக் கரையில் அடுத்தவரின் தோணியில் கடலுக்குப் போனவர். அந்த உழைப்பில் சுவர் எழும்பாது என்று உம்மா வீட்டு வேலைக்குப் போனார். இரண்டு வருடம் என்று போனவரை ஏழரை வருடம் வைத்திருந்தார்கள். இடையில் ஒருமுறைகூட ஊருக்கு அனுப்பவில்லை. என்னை வளர்த்தவர் சாச்சி, உம்மாவின் தங்கை.

திரும்பி வந்த உம்மாவின் வாயில் அவசரத்துக்குத் தமிழ் வரவில்லை. "யல்லா, யல்லா" என்று என்னைப் பாடசாலைக்குத் துரத்துவார். தண்ணீர் கேட்டால் "மூயாவா?" என்பார். பிறகு தானே நாக்கைக் கடித்துக்கொள்வார். உம்மாவின் காக்கா, மூத்த சகோதரர், எனக்கு மாமா. அவருக்கு அதில் பெருமை பிடிபடவில்லை. "எங்கட தங்கச்சிட அறபுக்கு முன்னால மௌலவிமாரும் நிக்க ஏலா" என்று பள்ளிவாசல் படியிலும் மீன் சந்தையிலும் சொல்லித் திரிந்தார். ஒருநாள் ஒருவர் அறபில் எழுதிய ஏதோ மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து உம்மாவிடம் நீட்டினார். உம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு வாசிக்கத் தெரியாது காக்கா" என்றார். எனக்கு அதை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்திருந்தது. பொருள் தெரியவில்லை. நான் வாசிக்க உம்மா பொருள் சொன்னார். அதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். உம்மாவும் நானும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வரும் பெண்கள் கேட்பார்கள், "எப்பிடிகா அறபு படிச்ச?"

உம்மா சிரித்துச் சிரித்துச் சொல்வார். போன புதிதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. மெடம் 'மல்அகா' கேட்டார், கரண்டி. உம்மா ஓடிப்போய் 'மில்ஹ்' எடுத்துக் கொடுத்தார், உப்பு. மெடம் அந்த உப்பை அப்படியே உம்மாவின் முகத்தில் வீசினார். "மறுகா அந்த ரெண்டு சொல்லும் எனக்கு மறக்கவேயில்ல" என்று உம்மா முடிப்பார். பெண்களெல்லாம் சிரிப்பார்கள். கண்ணுக்குள் உப்பு விழுந்ததா என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் மெடத்தின் மேல் அல்ல. சிரிக்கிற உம்மாவின் மேல்.

உம்மா போய் மூன்றாம் மாதம் அந்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. பால்புட்டி கழுவியதிலிருந்து தோளில் போட்டுத் தூங்கவைத்தது வரைக்கும் உம்மாதான்.

"உண்மையச் சென்னா, எனக்கு அறபு படிச்சுத் தந்தது அந்தக் கைக்குழந்ததான்" என்று உம்மா சொன்னார். "அது ஒரு சொல்லுப் படிக்க, நானும் ஒரு சொல்லுப் படிச்சன். அது பிழையாச் சென்னா நானும் பிழையாச் செல்லுவன். ரெண்டு பேருக்கும் ஒண்டாத்தான் வாய் திறந்த."

"முதல் என்ன சென்ன?" என்று யாரோ கேட்டார்கள்.

"தாதா எண்டு."

அந்த வீடுகளில் வளர்ப்புக்காரியைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எங்கள் ஊரில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. பெண்கள் மறுபடியும் சிரித்தார்கள். நான் கதவோரம் நின்று கேட்டேன்: "நான் முதல் என்ன சென்ன உம்மா?"

உம்மா என்னைப் பார்த்தார். பிறகு சாச்சியைப் பார்த்தார்.

"மீன் எண்டுதான் சென்னாய்" என்றார் சாச்சி. "வாப்பா கரையில இரிந்து வரக்குள்ள, பையக் காட்டிச் சென்னாய்."

உம்மா "மீனா?" என்று புதினமாகக் கேட்டார். அந்தக் கேள்வியை நான் மன்னிக்கவில்லை.

அந்தச் சிறுமி பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் அழைப்பாள். சில வேளை மற்ற நாட்களிலும் அழைப்பாள். எங்கள் வீட்டில் முகம் பார்த்துக் கதைக்க சிக்னல் போதாது. குரல் மட்டும்தான் வரும். அவளோடு கதைக்கும்போது உம்மாவுக்கு வேறு ஒரு குரல் இருந்தது. குழைந்த, விளையாட்டான, கொஞ்சம் கள்ளமான குரல். என்னோடு கதைக்கும்போது விருந்தாளியோடு கதைப்பதுபோல, "சாப்பிட்டயா மகள்? பாடம் செஞ்சயா மகள்?" என்பார். அந்தக் குழைந்த குரல் என் பக்கம் ஒருநாளும் திரும்பியதில்லை.

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். கேட்டுக் கேட்டு எனக்குப் பிடிபடத் தொடங்கியது. 'ஃபேன்' என்றால் எங்கே. முதலில் அவள் மின்விசிறி கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். 'ஏஷ்' என்றால் என்ன. 'லா திப்கி' என்றால் அழாதே. ஒருநாள் எங்கள் சேவலை நாய் பிடித்துவிட்டது. உம்மா அதை அவளுக்குச் சொன்னார்: "தீக் மாத்." அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வீறிடல் வந்தது. எனக்குக்கூடக் கேட்டது. மரணத்துக்கு மௌத்து என்ற சொல் எங்கள் வீடுகளில் புழங்குவதுதான். அதனால் 'மாத்' எனக்கு உடனே விளங்கியது. அந்தச் சொல் இவ்வளவு தூரம் போய் அழவைக்கும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு மதரசாவில் கிறாஅத் போட்டி வந்தது. அழகாக ஓதுகிறவர்களுக்கான போட்டி. ஒரு மாதம் பழகியிருந்தேன். சனிக்கிழமை காலை, உம்மா மூன்றாவது வரிசையில் இருந்தார். நான் மேடையில் ஏறி ஓதத் தொடங்கி, இரண்டாவது ஆயத்தில் நிமிர்ந்து பார்த்தேன். உம்மா எழுந்து, முந்தானையால் வாயையும் தொலைபேசியையும் சேர்த்து மூடிக்கொண்டு, வெளியே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். எனக்கு அடுத்த ஆயத், அடுத்த வசனம், வரவில்லை. நின்றேன். உஸ்தாத் எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் நின்றேன். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் உம்மா என் தலையைத் தடவி, "நல்லா ஓதினாய் மகள்" என்றார்.

நான் ஓதியதை அவர் கேட்கவேயில்லை. கேட்காமலே சொன்னார்.

திங்கட்கிழமை பாடசாலை விட்டு வந்தேன். உம்மா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். கட்டிலில் கிடந்த தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

"ஃபேன் தாதா?"

"தாதா மாத்" என்றேன்.

"ஏஷ்?" என்றாள்.

அவளுக்கு வடிவாக விளங்கட்டும் என்று மெதுவாக, மதரசா உச்சரிப்போடு மறுபடியும் சொன்னேன். அவள் வீறிடுவதற்கு முன் துண்டித்தேன். அந்த இலக்கத்திலிருந்து அழைப்பு வராமல் தடுத்துவைக்க எனக்குத் தெரியும். அதையும் செய்துவிட்டு, தொலைபேசியை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. உம்மா அஸறுத் தொழுகை முடித்துத் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மஃரிபு வரை, பொழுது படும்வரை, இருந்தார். "இது சரியா வேல செய்யுதா புள்ள?" என்று என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்ப்பதுபோல் பார்த்து, "ஓம் உம்மா, சரிதான்" என்று திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கிழமை முழுவதும் உம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு நன்றாக இறங்கியது.

அடுத்த கிழமை ஒருநாள் பகல், மாமா தன் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஓடிவந்தார். அவருடைய இலக்கத்தையும் உம்மா அந்த வீட்டில் கொடுத்து வைத்திருந்தாராம். "ஒரு பொம்பிள அழுது அழுது கதைக்கா. எனக்கு ஒண்டும் விளங்குதில்ல" என்றார்.

உம்மா வாங்கிக் காதில் வைத்தார். முகம் வெளுத்தது. "அனா தாதா" என்றார், நான்தான் தாதா. "அனா ஹய்யா", நான் உயிரோடு இருக்கிறேன். இரண்டு மூன்று தரம் சொன்ன பிறகுதான் அந்தப் பக்கம் நம்பியது. பிறகு சிறுமியைக் கொடுத்தார்கள் போலும். உம்மா சுவரோடு சாய்ந்து, "லா திப்கி, லா திப்கி" என்று சொல்லிக்கொண்டே நின்றார். முடிந்ததும் தொலைபேசியை மாமாவிடம் கொடுத்து, "நீங்க போங்க காக்கா" என்றார்.

வீட்டில் நானும் அவரும்தான்.

"என்ன சென்ன நீ அதுக்கிட்ட?"

எனக்குப் பயமில்லை. பத்து நாளாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். "தாதா மாத் எண்டு சென்னன்."

"என்னத்துக்கு?"

"அவளுக்கு ஒரு கிழமதானே நீங்க மௌத்து. எனக்கு ஏழர வருஷம் மௌத்தாத்தானே இரிந்த!"

அடிப்பார் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அழுதிருந்தாலும் போதும். உம்மா இரண்டும் செய்யவில்லை. வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்தது. பிறகு, பாடம் சொல்லிக் கொடுப்பதுபோல, ஒரு ஏற்ற இறக்கமுமில்லாமல் சொன்னார்:

"மாத் இல்ல. மாத் எண்டா ஆம்பிளைக்கி. பொம்பிளைக்கி மாதத்."

நான் வீட்டைவிட்டு ஓடினேன். சாச்சி வீட்டில் பதினொரு நாள் இருந்தேன். பெற்ற மகள் நெஞ்சைத் திறந்து காட்டுகிறாள், இந்த மனுசி இலக்கணம் திருத்துகிறார். உம்மா இரண்டு தரம் வந்து கூப்பிட்டார். அறைக் கதவைப் பூட்டிக்கொண்டேன். கடைசியில் வாப்பாதான் வந்து சைக்கிளில் ஏற்றிப் போனார். அந்தச் சிறுமியின் அழைப்புகள் அதற்குப் பிறகு குறைந்து, ஒரு வருடத்தில் நின்றும்விட்டன. என் கோபம் நிற்கவில்லை. அதைப் பத்து வருடம் கட்டிக் காத்தேன்.

எனக்குக் கலியாணம் பேசிய மாதத்தில், புது வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, பழைய ஆத்திரத்தில் சாச்சியிடம் இதைச் சொல்லிப் பொரிந்தேன். சாச்சி கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தார்.

"உங்க உம்மம்மா மௌத்தாகக்குள்ள உனக்கு நாலு வயசு" என்றார். "நான்தான் ஜித்தாவுக்கு போன் எடுத்துச் சென்ன. அங்க அண்டைக்கு விருந்தாம். வீடு நிறையப் பொம்பிளைகள். தாத்தா கோப்பித் தட்டோட முன்னறைக்குப் போய், மெடத்துக்கிட்ட, உம்மி மாத் எண்டு சென்னாவாம். என்ர உம்மா மௌத்தாப் போயிட்டாங்க எண்டு. அதுல ஒருத்தி சிரிச்சிட்டாளாம். மாத் இல்ல, மாதத். எங்க, செல்லு பாப்பம் எண்டாளாம். சரியாச் செல்லும் வரைக்கும் மூணு தரம் செல்ல வெச்சாங்களாம். மறுகா, கோப்பி ஆறுது, ஊத்து எண்டாங்களாம். மௌத்து வீட்டுக்கு அனுப்பல்ல."

அந்த முன்னறையில் இருந்த பெண்களின் முகம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்கும் அளவுக்கு அறபும் இப்போது இருக்கிறது.

ஆனால் அந்தப் பகலில் எனக்கு ஒன்பது வயது. உம்மா கதவுநிலையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வெளியே போகாமல் மறிக்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்தக் கைக்குக் கீழால் குனிந்து ஓடிவிட்டேன்.