மாற்றிக் கொடுத்த டப்பா

பழனி அடிவாரத்தில் கடை வைத்திருந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். நாளைக்கு அங்கே போய் நிற்க வேண்டியவள். ஆனாலும் நான் சிறுமியாக இருந்த காலத்தில் அவர்களில் பலருக்கு இரண்டு முகம் இருந்தது. காசு கைமாறும்வரை ஒன்று, மாறிய பிறகு ஒன்று. முதல் முகம் தெருவுக்கே ஓடிவந்து, "வாங்க சாமி, வாங்க தாயி, உள்ள வந்து பாருங்க, வாங்காட்டியும் பரவால்ல" என்று கையைப் பிடித்து இழுக்கும். இரண்டாவது முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வாங்கிய பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒன்பது வயதில் எனக்கு அந்தத் தரிசனம் கிடைத்தது.

எங்கள் வீடு பாலசமுத்திரத்தில். அப்பா தவறிப்போனதிலிருந்து வீட்டு நல்லது கெட்டதை மாமாதான், அதாவது அம்மாவின் தம்பிதான், பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு வந்த இரண்டு இடங்கள் தட்டிப்போய், மூன்றாவதாக அய்யம்பாளையத்தில் ஒன்று கூடிவந்தது. மாப்பிள்ளைக்கு அது இரண்டாம் கல்யாணம். மூத்த தாரம் போய்ச் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. தலையில் பாதி நரை. ஆனால் தென்னந்தோப்பும் வற்றாத கிணறும் வில்வண்டியும் இருந்தன. நகைநட்டு என்று ஒன்றும் கேட்கவில்லை. இந்த இடம் பிடித்திருக்கிறதா என்று அக்காவை யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அவள் பாட்டுக்கு அடுப்படி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வில்வண்டியில் யார் பக்கத்தில் உட்காருவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் தாயார் சகுனம் பார்ப்பதில் மகா கெட்டிக்காரர். எங்கோ பெண் பார்க்கப் போன இடத்தில் உடைத்த தேங்காய் அழுகலாக இருந்தது என்று, காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து வந்தவர். அந்தக் கதையை எங்கள் வீட்டில் பயத்தோடு திரும்பத் திரும்பப் பேசினார்கள். "முருகன் காலடியில குடியிருக்கீங்க. பஞ்சாமிர்தத்த மொதல்ல என் கையில குடுங்க, அப்பறந்தான் மத்த பேச்சு" என்று அந்த அம்மாள் சொல்லி அனுப்பியிருந்தார். மாமா என்னையும் கூட்டிக்கொண்டு அடிவாரம் போய், பெரிய டப்பாவாக ஒன்று வாங்கி, மலையேறி அக்காவின் பேருக்கு அர்ச்சனை செய்து கொண்டுவந்து சாமி மாடத்தில் வைத்தார்.

மாப்பிள்ளை வீட்டார் பூ வைத்து நிச்சயம் செய்ய வருவதற்கு முதல் நாள், காலைச் சாப்பாடு முடிந்த கையோடு, எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அம்மா அந்த டப்பாவின் மூடியை நெம்பினாள். 'டப்' என்று ஒரு சத்தம். உள்ளேயிருந்து நுரை பொங்கி அவள் விரலில் வழிந்தது. கள்ளுக்கடைப் பக்கம் போனால் வருமே, அந்த மாதிரி ஒரு வாடை. அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"முருகா, இது வேணாங்கிறியா?" என்று மாடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

மாமாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "முருகன் என்னக்கா பண்ணுவாரு? கடைக்காரன் மலை வாழைப்பழம் போட வேண்டிய எடத்துல தண்ணி கோத்த மட்டப் பழத்தப் போட்டுச் சர்க்கரையிலயும் கைய வச்சுட்டான். வேற ஒண்ணு வாங்கியாந்தா சோலி முடிஞ்சுது" என்றார்.

அம்மா ஒப்பவில்லை. அர்ச்சனை செய்த டப்பா கெட்டுப்போயிருக்கிறது. அதை மூடி மறைத்துவிட்டு வேறொன்றை நீட்டினால் சாமியையே ஏமாற்றிய மாதிரி ஆகும் என்றாள். கடைசியில் அவளே ஒரு தீர்ப்புச் சொன்னாள். கடைக்காரர் தன் வாயால் தன் தப்பு என்று ஒத்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தால், குற்றம் சரக்கில், சகுனத்தில் இல்லை. கொடுக்காவிட்டால் அது முருகன் உத்தரவு. மாமா அப்படியே சாயங்காலம் வத்தலக்குண்டு பஸ்ஸைப் பிடித்து அய்யம்பாளையம் போய், நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியது. கடையை அடையாளம் காட்டவும் சாட்சி சொல்லவும் நானும் போக வேண்டியது.

அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "வெயிலா இருக்கு, பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

குதிரைவண்டியில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் உள்ளே 'புஸ்' என்று மூச்சுவிட்டது. இந்த இடமும் போய்விட்டால் அம்மா என்ன ஆவாள், அக்கா கடைசிவரை இப்படியே அடுப்படி வாசலில் நிற்பாளோ என்று நினைத்து மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டால் மொட்டை போட்டுக்கொள்வதாக முருகனிடம் வேண்டிக்கொண்டேன். அதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னேன் என்பது வேறு விஷயம்.

அடிவாரத்தில் எல்லாக் கடைகளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் நான் சரியாகக் காட்டிவிட்டேன், ஏனென்றால் எனக்குக் கற்கண்டு கொடுத்த கை அது. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நெற்றி நிறையத் திருநீறும் சந்தனமுமாக முதலாளி உட்கார்ந்திருந்தார். மாமா கையில் இருந்த டப்பாவைப் பார்த்தார். அதோடு எங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

"அண்ணே" என்றார் மாமா.

"யாவார நேரம். செத்த ஓரமா நில்லுங்க."

நின்றோம். மொட்டைத் தலையில் சந்தனம் காயாத கூட்டம் ஒன்று வந்து வாங்கிப் போனது. பாலக்காட்டுப் பக்கத்து ஆட்கள் வந்து வாங்கிப் போனார்கள். எங்களுக்கு அப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் உட்கார முக்காலியும் குடிக்கத் தண்ணீரும் கிடைத்தன. கடைப்பையன் என்னைக் கூடையை நகர்த்துகிற மாதிரி இரண்டு தடவை நகர்த்தி வைத்தான். மாமா நடுநடுவே "அண்ணே" என்றார். முதலாளிக்குக் காது அந்தப் பக்கம் மட்டும் கேட்கவில்லை. மலை நிழல் தெருவில் பாதிக்கு வந்துவிட்டது. பஸ் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம், போகாவிட்டால் அதில் ஏறவேண்டி வருமே என்று இன்னொரு பயம். இரண்டில் எதற்கு அழுவது என்று தெரியாமல் மாமாவின் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒருவழியாக முதலாளி திரும்பினார். டப்பாவைத் தொடவில்லை, முகர்ந்து பார்க்கவில்லை.

"இது எங்க கடைச் சரக்கே இல்ல."

"இந்தப் புள்ளைய வச்சுக்கிட்டுத்தானங்க வாங்குனேன். நீங்ககூடக் கற்கண்டு குடுத்தீங்களே."

"தெனம் ஆயிரம் புள்ளைக்குக் குடுக்கேன். எங்க சரக்கு ஆறு மாசம் ஆனாலும் கெடாது. உங்க வீட்டுல எவளோ ஈரக் கைய உள்ள விட்டிருக்கா. இல்ல, தீண்டக் கூடாத நேரத்துல பொம்பளைங்க தொட்டிருப்பாளுக. மொதல்ல அதப் போய்க் கேளு. வித்த சாமானத் திருப்பி எடுக்குற வழக்கமில்ல. ஏலே, அடுத்த ஆளக் கவனி."

அத்தனை ஜனத்துக்கு நடுவில் சொன்னார். நாலு பேர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு முழுசாகப் புரியவில்லை. ஆனால் மாமாவின் முகம் கறுத்ததைப் பார்த்தேன். போச்சு, எல்லாம் போச்சு, இனிமேல் பஸ்தான் என்று நினைத்தேன். மாமா கோபக்காரர். ஒரு தடவை கைகலப்பில் சட்டையோடு பல்லும் போய் வந்தவர்.

ஆனால் மாமா சத்தம் போடவில்லை. தெருக் குழாயில் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கடை வாசலில் நின்று டப்பாவைத் திறந்தார்.

"கந்தனுக்கு..." என்று தொண்டை கிழியக் கத்தினார்.

"அரோகரா!" என்றது தெரு. அந்தத் தெருவில் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் யாரும் இருக்க முடியாது. முதலாளி வாயிலிருந்தே பாதி வந்துவிட்டது.

"எங்க அக்கா மக பேருக்கு அர்ச்சன பண்ணுன பிரசாதம். எல்லாரும் வாங்கிக்கங்க. மொதப் பிடி மொதலாளிக்கு!" என்று மாமா ஒரு கை அள்ளி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

முதலாளிக்கு அப்போதுதான் புரிந்தது. நெற்றியில் அவ்வளவு திருநீறை வைத்துக்கொண்டு, பழனியில் உட்கார்ந்துகொண்டு, நீட்டிய பிரசாதத்தை வேண்டாம் என்று ஒருவர் எப்படிச் சொல்வார்? சுற்றிலும் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறது. அவர் மெதுவாக வலது கையை நீட்டி, இடது கையை அதற்குக் கீழே கொடுத்து வாங்கிக்கொண்டார். கண்ணை மூடினார். வாயில் போட்டார். அவர் தொண்டை ஏறி இறங்கியதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடிய கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "முருகா" என்று சொல்லிக் கையைத் தலையில் துடைத்துக்கொண்டார். சும்மா சொல்லக் கூடாது, முகம் துளிக்கூடக் கோணவில்லை.

இரண்டாவது விள்ளல் எனக்கு வந்தது. விளக்கெண்ணெய் குடிக்கிற மாதிரி விழுங்கினேன். நாக்கு சுருட்டிக்கொண்டது. மூன்றாவதாக, கொங்கு நாட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம் கையை நீட்டியது. சொந்தபந்தம் முழுக்கக் கொடுப்பதற்காக இருபது டப்பாவுக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்.

முதலாளி இருக்கையிலிருந்து எழுந்ததை அப்போதுதான் பார்த்தேன். பாய்ந்து வந்து மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அட என்ன மாப்ளே, இதுக்குப் போயி! உள்ள வாங்க. பாப்பா, நீயும் வா தாயி, முக்காலியில உக்காரு. ஏலே, வெரசாப் புது டப்பா ஒண்ணு எடு, மேல் வரிசையில இருந்து எடு!"

முதல் முகம் திரும்பி வந்துவிட்டது. புது டப்பாவை அவரே திறந்து, எங்களை முகர்ந்து பார்க்கச் சொல்லி, ஏலக்காயும் நெய்யும் மணக்க மணக்க மூடிக் கொடுத்தார். மாமா அதை வாங்கவில்லை. "எனக்குச் சொல்ல வேணாம். இந்தப் புள்ளகிட்டச் சொல்லுங்க, யார் தப்புன்னு. இது போயி அவங்கம்மாகிட்டச் சொல்லணும்."

முதலாளி என்னைப் பார்த்தார். அவருக்கு இன்னும் கண் கலங்கித்தான் இருந்தது. "எங்க தப்புத்தான் தாயி" என்றார்.

திரும்பி வரும்போது வண்டியில் நான் அந்த வார்த்தையை மறந்துவிடக் கூடாதே என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டில் அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அம்மா டப்பாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அப்பனே, உத்தரவு குடுத்துட்ட" என்று அழுதாள். பிறகு தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. இந்தச் சேதியை முதலில் அக்காவிடம் சொல்ல வேண்டியவள் நான்தான் என்று கொல்லைப்புறம் ஓடினேன்.

அக்கா மறுநாள் வடைக்காக உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். குழவி நின்றது.

"அவரே தின்னாரா?"

"ஒரு கை நெறைய!"

"ஐயய்யோ, அவருக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அவருக்கென்னக்கா, கல்லு மாதிரி உக்காந்திருக்காரு."

"நீ தின்னியா?" என்று மாவுக் கையோடு என் தாடையைப் பிடித்தாள். கொஞ்சூண்டு என்றேன். உடனே என்னை இழுத்துக்கொண்டு போய் வாய் கொப்பளிக்க வைத்து, ஓமத்தைக் கசக்கி வாயில் போட்டு மெல்லச் சொன்னாள். கடைக்காரனுக்குக்கூட இரக்கப்படுகிறாளே, நம் அக்காவுக்கு எவ்வளவு இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். புது டப்பா எங்கே என்று கேட்டாள். அம்மா பூட்டிவிட்டாள், இனிமேல் யாரும் தொட முடியாது என்று பெருமையாகச் சொன்னேன்.

அந்த டப்பாவில் இரண்டு நாள் புளித்த மோரை ஊற்றி மூடியது தான்தான் என்று அக்கா என்னிடம் சொன்னபோது, அவள் மூத்த மகனுக்கு மீசை முளைத்திருந்தது. அழுகல் தேங்காய்க் கதையைக் கேட்ட அன்றே அவளுக்கு அந்த யோசனை வந்துவிட்டதாம். "பழனியில வித்த சாமான எவனாச்சும் மாத்திக் குடுத்திருக்கானா? அந்தத் தைரியத்துலதான்டி இருந்தேன்" என்றாள். "எப்பவும்போல வெரட்டி விட்டிருக்கக் கூடாதா அந்த மனுசன்? எனக்குன்னு வந்தப்பத்தானா அவனுக்கு நல்ல புத்தி வரணும்?"

அன்று மாலை எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அக்கா திரும்பப் போய் உரலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். மாவு எப்போதோ பதமாகியிருந்தது. அவள் நிறுத்தவில்லை, குனிந்த தலை நிமிராமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள். நாளைக்கு வடை பஞ்சு மாதிரி இருக்கப்போகிறது என்று எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.