மூன்று சுற்றும் நின்றே வந்த அண்ணன்

அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுக்காரர்களுக்கும், அண்ணனோடு பட்டறையில் வேலை செய்தவர்களுக்கும், அவர் செய்து கொடுத்த வண்டியிலேயே வந்திருப்பவர்களுக்கும் தம்பியின் வணக்கம். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல அண்ணன் மகள் எழுதுகிறாள். எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது நசரத்பேட்டையில். அப்பா கீரைக்கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் பிறந்தார் என்று அம்மா சொல்லுவாள். எனக்கு மாடு மேய்க்கிற வேலை. அண்ணனுக்கு எட்டாவது வரைக்கும் படிப்பு. அதற்கு மேல் வசதியில்லை, அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்துவிட்டார்.

லேத் வேலை அண்ணனுக்குக் கையில் மட்டும் இல்லை, கண்ணிலும் இருந்தது. 'ஒரு நூல்' என்பார். அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம். என் கல்யாணப் பந்தலில் ஒரு கால் ஒரு நூல் சாய்ந்திருக்கிறது என்று, பந்தல்காரர் காப்பி குடிக்கிற நேரத்தில் தானே பிடுங்கி நட்டார். பந்தல்காரருக்குக் கோபம். மாமனார் வீட்டுக்காரர்கள் ஏதோ தகராறு என்று பயந்துவிட்டார்கள். பந்தல் மட்டும் நேராக நின்றது.

அந்த மனிதருக்குத்தான் அப்படி ஆனது. மழைக்கு முன்னால் பட்டறைக் கூரையில் ஓட்டை அடைக்க ஏறினார். அஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைந்து கீழே விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அண்ணன் மகளுக்கு அப்போது மூன்று வயது.

ஒரு விழாவில் கூப்பிட்டு, மாலை போட்டு, போட்டோ எடுத்து ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு நல்ல மனசுதான். ஆனால் அதில் இரண்டு அண்ணன் உட்காரலாம், அவ்வளவு அகலம். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்ததில் பின்பக்கம் புண் வந்து, நான்கு மாதம் குப்புறப் படுத்திருந்தார். அப்போதும் என்னிடம், "சட்ட தைக்கவே அளவு எடுக்கறாங்க. நாள் முச்சூடும் ஒக்கார்ற வண்டிக்கு அளவு வேணாவா?" என்றார்.

பிசியோதெரபி சொல்லிக்கொடுக்க வந்த அம்மா, தினமும் கொஞ்ச நேரமாவது நிற்க வைக்கச் சொன்னார். நின்றால் எலும்பு பலம் இழக்காது, சிறுநீரகத்துக்கும் நல்லது, புண்ணும் வராது என்றார். நிற்க வைப்பது எப்படி? மோட்டார் கொட்டகைத் தூணில் சாய்த்து, முழங்காலிலும் இடுப்பிலும் மார்பிலும் அப்பாவின் பழைய வேட்டியால் கட்டினோம். போகிறவர் வருகிறவர் எல்லாம் வேடிக்கை பார்ப்பார்கள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு நாள், "இன்னா அண்ணாத்தே, திருடனக் கட்டி வச்சா மாரி கட்டி வச்சிக்கீறாங்க?" என்றார்.

"ஆமா நைனா. உன் ஊட்டுக் கோழியத் திருடிட்டேன். அவுத்து உட்டா மிச்சத்தையும் தூக்கிடுவேன், உஷாரு" என்றார் அண்ணன்.

தூணில் நின்றபடியே யோசித்திருப்பார் போல. பட்டறையில் கூட வேலை செய்த வெல்டர் பாஷா பாயை வரச்சொன்னார். இரண்டு பேரும் ஏழெட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வண்டி செய்தார்கள். உட்காருகிற பலகை அப்படியே மேலே எழும்பி ஆளை நிற்க வைக்கும். கார் பின்கதவைத் தாங்குகிற கேஸ் கம்பி இரண்டு அதில் வைத்தார்கள். முழங்காலுக்கு முன்னால் தோல் மெத்தை, மார்புக்குக் கார் பெல்ட். நிற்கும்போது குப்புறக் கவிழாமல் இருக்க முன்னால் இரண்டு சின்னச் சக்கரம். ஆள் நின்றபடி இருக்க, பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால் வண்டி நகரும். முதல் தடவை எழுந்து நின்றதும் அண்ணன் செய்த வேலை, சுவரில் சாய்ந்து தொங்கிய காலண்டரை நிமிர்த்தியதுதான். ஏழு மாதமாக அது கண்ணை உறுத்தியதாம்.

அப்புறம் அந்த வண்டியிலேயே பட்டறைக்குப் போய் நின்று லேத் ஓட்டினார். மற்றவர்களுக்கும் செய்து கொடுத்தார். திருநின்றவூரில் ஒரு வாத்தியாரம்மாவுக்குக் கரும்பலகையில் மேலே வரைக்கும் எழுத வேண்டும் என்று ஆசை. அவருடைய முழங்கால் உயரம், இடுப்பு அகலம், கை எட்டுகிற தூரம் எல்லாம் அளந்து, மூன்று தடவை பிரித்து மாட்டிக் கொடுத்தார். அளவு எடுக்காமல் யாருக்கும் ஒரு ஊன்றுகோல்கூடக் கொடுக்கமாட்டார்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அண்ணனைப் பற்றிச் சொன்னால் அது முழுசாக இருக்காது.

அப்பா எண்பது தாண்டிப் போய்ச் சேர்ந்தார். மூத்த மகன்தான் தோளில் குடம் வைத்து மூன்று சுற்று வந்து கொள்ளி போட வேண்டும். எங்களுக்குப் பெரியப்பா முறையில் ஒருவர் இருந்தார், அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. காரியம் செய்து வைக்கிறவர் "கொள்ளி யாரு?" என்று கேட்டதும் பெரியப்பா என்னைக் காட்டினார். நானும் தலையாட்டிவிட்டேன். அண்ணனால் எப்படி முடியும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். குளித்து ஈர வேட்டியோடு வந்து நின்றேன். அப்பாவின் தலைமாட்டில் வண்டியில் உட்கார்ந்திருந்த அண்ணன் கூப்பிட்டார்.

"இன்னாடா, ஈர வேட்டியோட கீற?"

"பெரியப்பாதாண்ணா சொன்னாரு."

"அவரு சொன்னாரு சரி. நீ என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

நான் ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்தேன்.

"கேட்டிருந்தா, 'நீயே பண்ணுடா'ன்னு நானே சொல்லிருப்பேனோ இன்னாவோ. இப்ப சொல்ல மாட்டேன். நா மூத்தவன். எங்கப்பனுக்கு நாந்தான் கொடம் தூக்குவேன்."

பெரியப்பா வந்துவிட்டார். "ஒக்காந்துகினு கொடம் தூக்கற வழக்கம் நம்மள்ல கெடையாது."

"யாரு ஒக்கார்றா? நா நின்னுகினு வர்றேன்."

"நீ நிப்ப. சுத்தறது யாரு காலு? தள்றவன் காலுதானே?"

"நம்ம ஊரு சாமி தெருவச் சுத்தி வருதே, அது நடந்தா வருது? நாமதானே தோள்ல தூக்கினு சுத்தறோம். புண்ணியம் தூக்கினவனுக்கு மட்டுமா போவுது?"

பெரியப்பா காரியக்காரரைப் பார்த்தார். அவரோ, "கொடம் தோள்ல இருக்கணும், ஆளு நிக்கணும், மூணு சுத்து வரணும். அவ்ளோதாங்க எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டார்.

ஆனால் முந்தின நாள் மழை. சுடுகாட்டுக்குப் போனால் சிதையைச் சுற்றி ஒரே சேறு. வண்டியின் சின்னச் சக்கரம் இரண்டும் புதைந்துவிட்டன. பெரியப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

பாஷா பாய் டெம்போவை எடுத்துக்கொண்டு போனார். முக்கால் மணி நேரம் அப்பா சிதையில், நாங்கள் வெயிலில். நான்கு இரும்புத் தகடுகளோடும் பட்டறை ஆட்கள் ஆறு பேரோடும் திரும்பி வந்தார். நான்கு தகடு சுற்றளவுக்குப் போதாது. அதனால் வண்டி ஒரு தகட்டைத் தாண்டியதும் பின்னால் இருப்பதைத் தூக்கி முன்னால் போட வேண்டும்.

அண்ணன் வண்டியின் கைப்பிடியை இழுத்தார். பலகை எழும்பியது, எழுந்து நின்றார். குடத்தைத் தோளில் வைத்தார்கள். நான் பின்னாலிருந்து தள்ளினேன். டமார் என்று ஒரு தகடு, ஏறுவோம். டமார் என்று அடுத்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் காரியக்காரர் குடத்தில் ஓட்டை போடுகிறார், தண்ணீர் அண்ணன் முதுகில் இறங்கி என் கையெல்லாம் நனைகிறது. இரண்டாவது சுற்றில் அண்ணன் கால் உதற ஆரம்பித்தது. முதுகுத்தண்டு போனவர்களுக்கு அப்படி வரும். பெல்ட் இறுகி மார்பில் பதிந்துவிட்டது. "நிறுத்தட்டாண்ணா?" என்றேன். "கேட்ட பாரு, இப்பவாவது. வேணாம், தள்ளு" என்றார்.

மூன்று முடிந்தது. குடத்தைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் போட வேண்டும். பின்னால் நான். "நவுர்றா டேய், தல மேல போட்டுறப் போறேன்" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். வண்டியைத் திருப்பினேன். கொள்ளி போட்டார்.

பெரியப்பா அன்றைக்குச் சாப்பிடாமல் போய்விட்டார். ஆனால் இரண்டு மாதம் கழித்து வந்து வாசலில் நின்றார். "கோலு வழுக்குதுடா. ரப்பர் வச்சி ஒண்ணு பண்ணிக் குடேன்" என்றார். அண்ணன் டேப்பை எடுத்து, "மொதல்ல நேரா நில்லு பெரியப்பா, அளவு எடுக்கணும்" என்றார். அவரும் நின்றார்.

கடைசி ஆறு மாதம் சிறுநீரகம் சரியில்லாமல் அண்ணன் படுத்துவிட்டார். அப்போதும் படுக்கையிலிருந்தே யாருடைய வண்டிக்கோ அளவு சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து ஊசி போட்ட நர்ஸம்மாவுக்கும், கடைசி வரை பக்கத்தில் இருந்த அண்ணிக்கும், அன்றைக்குத் தகடு தூக்கிக் கையைக் கிழித்துக்கொண்ட ஆறு பேருக்கும், பாஷா பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணன் வண்டி இப்போது முத்தாபுதுப்பேட்டையில் ஒருவரிடம் இருக்கிறது. பாஷா பாய்தான் அவருக்கு அளவு பார்த்து மாற்றிக் கொடுத்தார்.

அண்ணனுக்கு ஒரே மகள். போன வருஷம் அண்ணன் போன அன்றைக்கும் பெரியவர்கள் என்னிடம்தான் வந்தார்கள், நீதான் கொள்ளி என்று. இருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். "நீ தூக்கறியா, நா தூக்கட்டா? நீ சொல்றதுதான்" என்று அவளைக் கேட்டேன்.

"நீயே தூக்கு சித்தப்பா. ஆனா நானும் வருவேன். தாத்தாவுக்கு அப்பா கொடம் தூக்கினப்போ பொம்பளைங்க வரக் கூடாதுன்னு என்ன ஊட்லயே உட்டுட்டுப் போய்ட்டீங்க. அப்பா எங்க நின்னாருன்னு எனக்குக் காட்டணும்" என்றாள்.

வந்தாள். இப்போது அங்கே சிமெண்டு தளம் போட்டுவிட்டார்கள், அடையாளமே தெரியவில்லை. மதில் மூலையிலிருந்து காலடி வைத்து எண்ணிப் பார்த்து, குத்துமதிப்பாக ஓர் இடத்தைக் காட்டினேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே போய் நின்றாள். "சரியாத் தெரியுமா சித்தப்பா?" என்றாள்.

"ஒரு நூல் முன்ன பின்ன இருக்கும்மா" என்றேன்.